ஆக்டேவ் பெடலும் கீபோர்டுக்காரரின் இடது கையும்

அன்புள்ள சார்,

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு சர்ச் குழுவில் நான்கு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இளமையில் நீங்களும் கச்சேரிக் குழுவில் கிட்டார் வாசித்தவர் என்று படித்த உரிமையில் எழுதுகிறேன். போன மாதம் விலை குறைந்த அனலாக் ஆக்டேவ் பெடல் ஒன்று ஆன்லைனில் வாங்கினேன், வாசிக்கும் சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தரும் சின்னப் பெட்டி. சின்தசைசர் பேஸ் மாதிரி கனமான ஒலி வேண்டும் என்று ஆசை. ஆனால் எல்லாவற்றுக்கும் தாழ்ந்த ஈ ஸ்ட்ரிங்கில் வாசித்தால் தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பதுபோல் ஒலி நடுங்குகிறது. இரண்டு ஸ்ட்ரிங்கைச் சேர்த்து வாசித்தால் சகிக்கவில்லை. மலிவு என்பதால்தான் இப்படியா? திருப்பி அனுப்பிவிட்டு டிஜிட்டல் வாங்கலாமா? அல்லது பணம் சேர்த்து ஐந்து ஸ்ட்ரிங் பேஸுக்கே போய்விடலாமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள். ‘பேஸ் யாருக்குக் கேட்கிறது, அதற்கு ஒரு பெடல் வேறா’ என்கிறார்கள். அதுவும் உண்மைதானோ என்று தோன்றுகிறது.

ம., நாகர்கோவில்

அன்புள்ள ம.,

பெடலில் பழுது இல்லை, திருப்பி அனுப்பாதீர்கள். உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். அவசரம் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு அவசரம் இல்லை. சமீபத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேடையில் கூட்டமாக ஆட்கள், இரண்டு கீபோர்டு, ஆக்டோபேட், பாடகர்கள் வரிசையாக. பேஸ் கிட்டார் மட்டும் இல்லை. ஒரு கீபோர்டுக்காரரின் இடது கை அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகவே பார்த்தது, அதுதான் வருத்தம். அதிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் பெடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். பெடலைப் பற்றிய வீடியோக்களை எல்லாம் பார்த்திருப்பீர்கள், இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்ட்ரிங் அதிரும்போது, அந்த அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மின் அலை மேலும் கீழும் போய்வருகிறது. பெடல் அந்த அலையின் மேல் அதிர்வெண்களை வடிகட்டிவிட்டு, மிச்சமிருப்பது எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுகிறது. அலை ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு சுவிட்ச் நிலை மாறும். இன்னொருமுறை ஏறி இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆக, உள்ளே வந்த இரண்டு அலைக்கு வெளியே போவது ஒன்று. அதிர்வெண் சரிபாதியானால் ஒரு ஸ்தாயி கீழே. அதையே இன்னொரு சுவிட்சுக்குக் கொடுத்தால் இரண்டு ஸ்தாயி கீழே. இந்தச் சுவிட்சுக்குப் பெயர் ஃப்ளிப்-ஃப்ளாப், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த உங்கள் நண்பர் யாராவது வரைந்து காட்டுவார். இதில் விலைக்கு என்ன வேலை? சுற்றின் தத்துவம் விலை கூடிய அனலாக் பெடலிலும் இதேதான்.

எண்ணுவதில்தான் சிக்கல். ஸ்ட்ரிங் ஒரே அதிர்வெண்ணில் அதிர்வதில்லை. அடிப்படை ஒலியோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல்சுரங்களும் சேர்ந்தே வரும். தடித்த ஈ ஸ்ட்ரிங்கில், அதிலும் ஸ்ட்ரிங் கிட்டாரின் உடம்பில் முடியும் பிரிட்ஜ் பக்கம் மீட்டினால், அடிப்படையைவிட இரண்டாம் மடங்கு பலமாக இருப்பது சாதாரணம். உள்ளே இருக்கும் எண்ணி, பஸ்ஸில் தலை எண்ணும் கண்டக்டர் மாதிரி. தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையையும் தனித் தலையாக எண்ணிவிட்டால் கணக்கு உதைக்கும். ஒரு கணம் சரியாக எண்ணும், மறுகணம் தப்பாக எண்ணும், ஒலி இரண்டு ஸ்தாயிகளுக்கு நடுவே தாவித் தாவி விழும். நீங்கள் கொப்பளிப்பு என்றது இதைத்தான். இரண்டு ஸ்ட்ரிங்கை ஒன்றாக மீட்டும்போது எந்த அலையை எண்ணுவது என்றே அதற்குத் தெரியாது. ஒரு நேரத்தில் ஒரு சுரம், அதுதான் அதன் கொள்கை.

இனி சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஈ ஸ்ட்ரிங்கைத் திறந்து, அதாவது எங்கும் விரலால் அழுத்தாமல், வாசித்தால் 41.2 ஹெர்ட்ஸ். அதில் பாதி 20.6. மனிதக் காதின் கீழ் எல்லையே ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ்தான். பியானோவின் கடைசிக் கட்டைகூட 27.5. யாருக்காக தம்பி அந்த 20.6? உங்கள் ஸ்பீக்கர் அதை வெளியே விடுமா? ஆம்பெக் கம்பெனியின் எட்டு ஸ்பீக்கர் கொண்ட பேஸ் கேபினெட்டைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், ஃப்ரிட்ஜ் உயரம் இருக்கும். அதன் அளவுத்தாளிலேயே 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரிவதாகத்தான் போட்டிருக்கிறது, 40க்கு வரும்போது 10 டெசிபல் குறைந்துவிடும். சர்ச்சில் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிகளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

இப்போது அடுத்த ஸ்ட்ரிங்கான ஏ ஸ்ட்ரிங்கின் ஏழாவது ஃப்ரெட்டுக்கு, அதாவது கழுத்தில் பதித்த ஏழாவது கட்டுக்கு வாருங்கள். அதுவும் ஈதான், ஆனால் 82.4. அதில் பாதி எவ்வளவு? 41.2. திறந்த ஈ ஸ்ட்ரிங்கின் அதே ஆழம்! கழுத்தின் நடுவில் வாசித்துக்கொண்டே அடி ஸ்ட்ரிங்கின் ஒலியை எடுக்கிறீர்கள். ஆனால் அதே ஒலி அல்ல. திறந்த ஸ்ட்ரிங்கின் கம்பித் தன்மை போய், உருண்டையாக, பம்மென்று, நீங்கள் ஆசைப்பட்ட அந்த சின்தசைசர் போல வரும். அங்கிருந்து மேலே, டி ஸ்ட்ரிங், ஜி ஸ்ட்ரிங் என்று போகப் போக எண்ணி அநேகமாகப் பிசகாது. மேல் ஸ்தாயியில் வாசிக்கத்தான் இந்தப் பெடல். ஈ ஸ்ட்ரிங்கில் இருந்துகொண்டு இன்னும் கீழே தோண்ட வேண்டும் என்று நினைப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பெடல் வாங்கியதும் முதல் காரியமாகத் திறந்த ஈயை மீட்டிப் பார்க்காத பேஸிஸ்டை நான் கண்டதில்லை. உடனே முகம் சுளிப்பார்கள், உடனே திருப்பி அனுப்பும் படிவத்தைத் தேடுவார்கள். ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டி உங்களுக்குப் பழக்கம் இல்லையென்றால் குறை பெடலில் இல்லை. அங்கே உங்கள் கட்டுகளை நீங்கள் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்த 41 ஹெர்ட்ஸைக்கூட ஸ்பீக்கர் முழுசாகத் தராது. அதன் மேல்சுரங்கள் வந்தால் போதும், விடுபட்ட அடிப்படையைக் காதும் மூளையும் தாமே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியில் இளையராஜாவின் பேஸை நாங்கள் முழுசாகக் கேட்டுக் கிறங்கியது இப்படித்தான்.

டிஜிட்டல் வாங்கலாமா என்கிறீர்கள். வாங்கலாம், அதில் இரண்டு சுரமும் சேர்ந்து வரும், நடுக்கம் இருக்காது. ஆனால் ஒரு வரலாறு சொல்கிறேன். பெடல்கள் செய்யும் பாஸ் (Boss) நிறுவனம் 1982இல் ஓசி-2 என்ற பழுப்பு நிறப் பெடலைக் கொண்டுவந்தது. திருகுவதற்கு மூன்றே நாப். சுத்த அனலாக், உங்களுடையதைப் போலவே ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான், தாழ்ந்த சுரங்களில் தடுமாறும். 2003இல் அதை நிறுத்திவிட்டுப் பல சுரங்களைத் தாங்கும் டிஜிட்டல் ஓசி-3ஐ விட்டார்கள். பிரச்சினை தீர்ந்தது அல்லவா? தீரவில்லை. பேஸ்காரர்கள் பழைய பழுப்புப் பெட்டியைத் தேடித் தேடி வாங்கினார்கள். 2020இல் ஓசி-5 வந்தபோது அந்த நிறுவனமே அதில் பழைய ஓசி-2 மாதிரி ஒலிக்க ஒரு தனி சுவிட்ச் வைத்துவிட்டது! பேஸிஸ்ட் பீனோ பல்லாடினோ 1980களில் ஃப்ரெட் இல்லாத பேஸோடு சேர்த்து வாசித்தது அந்தப் பழுப்புப் பெட்டியைத்தான். டிம் லெஃபெவ்ர் என்ற பேஸிஸ்ட் இன்றும் அந்த ஒலிக்காகவே பேர் போனவர்.

1982 என்ற ஆண்டைக் கவனியுங்கள். அதற்கு முன்பே கீபோர்டுக்காரர்கள் பேஸ் பக்கம் கை நீட்டிவிட்டார்கள். 1977இல் பார்லமெண்ட் என்ற அமெரிக்க ஃபங்க் இசைக் குழுவின் பெரிய வெற்றிப் பாட்டில், பூட்ஸி காலின்ஸ் மாதிரி ஒரு பேஸிஸ்ட் கூடவே இருக்கும்போது, பேஸை வாசித்தது கீபோர்டுக்காரர் பெர்னி வொரல், மினிமூக் சின்தசைசரில். 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 சின்தசைசர் வந்தது. அதன்பின் உலகம் முழுக்கப் பாட்டுகளில் கீபோர்டு பேஸ்தான். ஆக்டேவ் பெடலை ஏதோ அலங்காரம் என்று பேசுகிறார்களே, எனக்கு அது எப்போதும் பேஸிஸ்டின் பிழைப்புச் சாமானாகத்தான் தெரிந்திருக்கிறது. ‘அந்தக் கீபோர்டு ஒலிதானே வேண்டும், இதோ, விரலாலேயே தருகிறேன்’ என்று சொல்ல ஒரு பெட்டி.

எங்கள் திருநெல்வேலி ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பேஸ் அண்ணன் இருந்தார். பகலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை, ராத்திரி கோயில் கொடைக் கச்சேரி. பெரிய பேச்சுக் கிடையாது. நான் ரிதம் கிட்டார், அவருக்குப் பக்கத்தில் நிற்பேன். சுரத்தை அடிப்பதைவிட அதை நிறுத்துவதில்தான் அவருக்கு அக்கறை. வலது கைக் கட்டைவிரல் சும்மா இருக்கும் ஸ்ட்ரிங்கில் படிந்தே கிடக்கும், இடது கை அடுத்த கட்டுக்குப் போகுமுன் பழைய சுரத்தை அமுக்கிவிட்டுத்தான் போகும். நான் கிட்டாரை இழுத்துவிட்டு ரீங்கரிக்க விட்டால் பல்லைக் கடிப்பார். “ஒண்ண முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போலே.”

குழு முதலாளி ஒரு பெரிய கீபோர்டு வாங்கினார். கட்டைகளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கத்துக்கு பேஸ் ஒலி வைத்துக்கொள்ளலாம். அடுத்த கச்சேரிக்கு அண்ணனுக்கு ஆள் சொல்லி அனுப்பவில்லை. அப்படித்தான் அப்போதெல்லாம் வேலை போகும், யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். சில மாதம் கழித்து துபாயிலிருந்து வந்த யாரோ கொடுத்த ஒரு ஆக்டேவ் பெடலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். பெடல் மாற்றாத நேரடி ஒலியைப் பூஜ்யத்தில் வைத்து, கீழ் ஸ்தாயியை மட்டும் திறந்து, ஜி ஸ்ட்ரிங்கில் ஒரு சின்ன வரி வாசித்தார். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. பிசகுவதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பெடல் கேட்கிற ஒழுங்கில்தானே அவர் ஆயுள் முழுக்க வாசித்தார். முதலாளி தலையை ஆட்டினார், ‘நல்லாத்தான்யா இருக்கு’ என்றார். கீபோர்டுக்குக் கொடுத்த காசை என்ன செய்வது என்றும் கேட்டார். அண்ணனைத் திரும்ப எடுக்கவில்லை. அவர் வேறு குழுவுக்குப் போனார், பிறகு கச்சேரியையே விட்டுவிட்டார் என்று கேள்வி.

ரஹ்மான் வந்து எல்லாம் கீபோர்டாகிவிட்டது என்று புலம்புகிறவர்களில் நான் இல்லை. ரஹ்மானிடமே கீத் பீட்டர்ஸ் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார், கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது கேட்டது. எனக்கு எரிச்சல் உங்கள் நண்பர்கள் மேல்தான். அதைவிட, ‘அதுவும் உண்மைதானோ’ என்று எழுதிய உங்கள் மேல். பேஸ் யாருக்குக் கேட்கிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சரணத்தில் கையை எடுத்துவிட்டு எட்டு மாத்திரை சும்மா நில்லுங்கள். பாடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாசிக்கிறவனுக்கே தன் வாத்தியத்தின் மேல் இந்த மரியாதை என்றால், அந்த முதலாளியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் வேறு விஷயம், வசதி வந்தால் வாங்குங்கள், இந்தப் பெடலுக்கு அது மாற்று அல்ல.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். கிட்டாரிலிருந்து வரும் வயர் முதலில் ஆக்டேவ் பெடலுக்கே போகட்டும், கோரஸ், ரிவெர்ப் போன்ற மற்ற பெடல்கள் எல்லாம் அதற்குப் பின்னால். கழுத்துப் பக்கப் பிக்கப்பை மட்டும் திறந்து டோன் நாப்பை நன்றாகக் குறையுங்கள். கழுத்து முடியும் இடத்தருகே மீட்டுங்கள், பிரிட்ஜ் பக்கம் போகாதீர்கள். இரண்டு ஸ்தாயி நாப் பூஜ்யத்தில். நேரடி ஒலியும் முதலில் பூஜ்யம், அப்போதுதான் உங்கள் கை எங்கே அசிங்கம் செய்கிறது என்று மறைக்காமல் கேட்கும். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரே ஒரு வரி, மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் அமுக்கி நிறுத்தி. அது சுத்தமாக வந்த பிறகு நேரடி ஒலியைப் பாதிக்குத் திறவுங்கள். சர்ச்சில் ‘ங்’ என்று இரைந்தால் பெடலைத் திட்டாமல் அடாப்டரைப் பாருங்கள். 9 வோல்ட், பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவாக இருக்கும், பெடலின் அடியில் படம் போட்டிருப்பார்கள். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரைப் பங்கு போடாதீர்கள். வாசித்ததைப் பதிவு செய்து அனுப்புங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று மறுபடி கடிதம் எழுத வேண்டாம், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.