உங்கள் சபையை நடத்திய தலைவர்களில் யாருக்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்? எதற்காக?

சைதாப்பேட்டைப் பகுதியில் நான் சிறுவயது முதல் போய்வரும் ஆலயத்தில், 2015ஆம் ஆண்டில் ஆயராக இருந்தவருக்கு நன்றி சொல்ல விரும்புகிறேன். பெயர் போட்டு எழுதினால் அவர் வருத்தப்படுவார் என்பதால் ஆயர் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். எதற்காக என்றால், ஊழியம் என்ற சொல்லின் உண்மையான பொருளை எனக்குக் காட்டியதற்காக.

எங்கள் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், ஒடுக்கப்பட்ட சாதி மக்களிடம் கூலி கொடுக்காமல் கட்டாயமாக வாங்கப்பட்ட வேலைக்கு ஊழியம் என்றே பெயர். கூப்பிட்டால் போக வேண்டும், சுமக்கச் சொன்னால் சுமக்க வேண்டும், மறுப்பதற்கு இடமில்லை. என் பாட்டி தன் பெரியவர்களிடம் கேட்டதைச் சொல்லும்போது அந்தச் சொல்லை ஒருவிதக் கசப்போடுதான் உச்சரிப்பார். மாற்கு 10ஆம் அதிகாரத்தில், வலதுபுறத்திலும் இடதுபுறத்திலும் ஆசனம் கேட்ட இரண்டு சீஷருக்கு இயேசு பதில் சொல்லும் இடத்தில், மனுஷகுமாரன் "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" வந்தார் என்று தமிழ் வேதாகமம் அதே சொல்லையே வைத்திருக்கிறது. அந்த வசனத்தை எங்கள் முன்னோர் முதன்முதலாகக் கேட்டபோது அவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். இன்று "தேவ ஊழியர்" என்பது சென்னைச் சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் வரும் பட்டமாகிவிட்டதால், அந்தச் சொல்லுக்குள் இருந்த சுமையும் நாற்றமும் எனக்குத் தெரியாமலே இருந்தன.

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரை மீறி வந்த இரவில், ஆற்றோரத்துக் குடும்பங்கள் பல எங்கள் ஆலயத்தின் மண்டபத்துக்கு வந்து தங்கின. பெரும்பாலோர் எங்கள் சபையார் அல்லர். மூன்றாம் நாள் விடியற்காலையில் குடிதண்ணீர் கேன்களோடு போன நான், மண்டபத்தின் பின்பக்கக் கழிப்பறையில் யாரோ தேய்க்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் தென்னந்துடைப்பமும் மறு கையில் பினாயில் புட்டியுமாக ஆயர் நின்றுகொண்டிருந்தார். பதறிப்போய், "ஐயா, கொடுங்கள், நான் செய்கிறேன்" என்று துடைப்பத்தைப் பிடித்தேன். "தம்பி, இன்றைக்கு என் முறை. உங்கள் பெயர் நாளைக்கு இருக்கிறது. இப்போது அந்த வாளியை மட்டும் நிரப்பித் தாருங்கள்" என்றார். கதவில் ஒட்டியிருந்த தாளில் முதல் பெயர் அவருடையது, இரண்டாவது என்னுடையது. பெரிய வியாழன் ஆராதனையில் பலமுறை கேட்டிருந்த, "ஒரு சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" என்று, இயேசு சீஷரின் கால்களைக் கழுவ எழுந்ததைச் சொல்லும் யோவான் 13ஆம் அதிகார வரி, எனக்கு அன்றைக்குத்தான் கண் முன்னால் நடந்தது. அவர் என்னைத் தடுக்கவில்லை, அந்த வேலையைத் தமக்கு மட்டுமான தியாகமாகவும் வைத்துக்கொள்ளவில்லை என்பதை நான் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

அவர் குறையற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, ஒலிபெருக்கி சரியாக இல்லை என்பதற்காக, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் செக்ஸ்டன் அண்ணனை வாலிபர் பலர் முன்னிலையில் கடுமையாகப் பேசிவிட்டார். மறுநாள் திருவிருந்து ஆராதனை. தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு முறையில், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சொல்லும் சமாதான வாழ்த்து பீடத்தண்டையிலிருந்து தொடங்கிக் கைக்குக் கை கடந்து சபையாரிடம் வரும். அன்று ஆயர் அதைப் பக்கத்தில் நின்றவர்களிடம் கொடுக்காமல், அங்கியோடு நடுவழியே இறங்கி, கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கதவோரம் நின்ற அண்ணனிடம் போனார். "நேற்று இவரை எல்லோர் முன்பாகவும் பேசினேன், அது தவறு, எல்லோர் முன்பாகவும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று சொல்லி, அவருடைய இரண்டு கைகளையும் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை; தலையை மட்டும் அசைத்தார். அன்றைய சமாதானம் கடைசி பெஞ்சிலிருந்து முன்பக்கமாகப் போனது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பணியில் இருந்து, 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் பேசியதை இந்த இடத்தில் நினைக்கிறேன். பொருளையும் உடலையும் எங்களுக்காகக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவருடைய வேண்டுகோளின் சாரம். உயிரைக் கொடுத்து உழைத்தவர்களிடமும் சமமாக உட்காரும் மனம் இல்லாமல் போகலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். மேலே நின்றபடி எத்தனையோ நன்மை செய்யலாம். தன்னால் புண்பட்டவனின் கையைப் பிடிப்பதற்கு மேலிருந்து இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போஸ்தலனாகிய பவுலும் தம் நிருபத்தில், மதிக்கப்பட வேண்டியவர்களைச் சொல்லும்போது, "உங்களுக்குள்ளே பிரயாசப்பட்டு" என்று உழைப்பை முதலில் வைத்து, மேற்பார்வை என்ற பொருளில் வரும் விசாரணையையும் புத்திசொல்லுதலையும் அதற்குப் பின்னால் வைக்கிறார்.

சில ஆண்டுகளில் அவருக்கு மாறுதல் வந்தது. பிரிவு உபசாரக் கூட்டத்தில் நாங்கள் பொன்னாடை போர்த்தினோம், நன்றியுரை வாசித்தோம், பலர் அழுதார்கள். ஆனால் நான் சொல்ல வேண்டிய நன்றி மறுநாள் காலையில்தான் உருவானது. ஆயரின் பொறுப்பில் உள்ள சபையான சேகரத்தின் செயலாளர் என்ற முறையில், அவர் புதிய ஆயரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது உடன் இருந்தேன். சாவிகள், பதிவேடுகள், கணக்குகள் எல்லாம் சரிபார்த்த பிறகு, மூலை மடங்கிப்போன ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஆலயத்துக்கு வர இயலாத முதியோர், நோயாளிகள் ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் கையெழுத்தில் ஓரிரு வரிகள். "காது கேட்காது, வசனத்தைச் சத்தமாகப் படியுங்கள்." "மாலை 4 மணிக்கு மேல் போங்கள், மருமகள் வேலையிலிருந்து வந்திருப்பார்." "சங்கீதம் 121 கேட்பார், ஒவ்வொரு முறையும் அதுவே."

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர், எங்கள் சபை மூப்பர் ஒருவருடையது. அதன் எதிரே, "என்மேல் மனக்கசப்பாக இருக்கிறார். நியாயம் அவர் பக்கம். மூன்று முறை போனேன், கதவு திறக்கவில்லை. முதலில் இவரைப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். அன்று மாலையே புதிய ஆயரும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம்.