நன்கொடைக்கு முன்னால் சம்பளம்

கேள்வி: பெரிய நிறுவனங்கள் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்கூடம் கட்டுகின்றன, குளம் தூர்வாருகின்றன. ஏற்றத்தாழ்வு குறைய அவர்களிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: நிறைய எதிர்பார்க்கிறேன். பள்ளிக்கூடமும் குளமும் நல்ல காரியங்கள்தான். ஆனால் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி அதற்குச் செலவிட வேண்டியது மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம். சொந்தத் தொழிலாளிக்கு மட்டும் செய்வதை அந்தக் கணக்கில் காட்டவும் முடியாது. கேட்டில் நிற்கும் காவலாளி எத்தனை வருடமாக ஒப்பந்தத்திலேயே இருக்கிறார், கைக்கு என்ன வருகிறது என்பதெல்லாம் அதற்கு வெளியே. ஏற்றத்தாழ்வு உண்டாவதே அங்கேதான்.

ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பெண்ணைப் பாருங்கள். காலையில் நிற்க ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிற்கிறார். ஆளில்லாத நேரத்தில்கூட உட்கார விடாத கடைகள் உண்டு. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். அவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் தமிழகச் சட்டமன்றம் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. ஒரு ஸ்டூல் போட்டு எந்த முதலாளி நொடித்துப்போயிருப்பார்?

இப்படியெல்லாம் செய்தால் தொழில் நடக்குமா என்பார்கள். மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நடக்கிறதே. அறக்கட்டளைதான், ஆனாலும் பணம் கட்டுகிறவர்கள் தரும் வருமானத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாததால், 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம், பில் பாக்கி. எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். சிறு பட்டறைக்காரரிடம் சரக்கு வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2006-லேயே வந்த சட்டம் இது. ஆனால் வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பட்டறைக்காரர் வாயைத் திறப்பதில்லை. சனிக்கிழமை கூலி கொடுக்க வெளியே கடன் வாங்குகிறார். கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு நாலு லேத் வைத்திருப்பவர் கடன் கொடுத்து, வட்டியையும் தானே கட்டுகிறார்.

45 நாள் தாண்டிய இந்தப் பாக்கிகளை நிறுவனங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த படத்தைப் பத்திரிகையில் போடும்போது, அந்தப் பட்டியலையும் பக்கத்திலேயே போடட்டும்.