கொன்றவர் முதலில் செத்தார்

கேள்வி: எண்ணெய் வண்ண ரகசியத்தைக் கறந்துகொண்டு, ஆந்திரேயா தெல் கஸ்தாஞோ தன் நண்பர் தொமெனிகோ வெனேத்ஸியானோவைக் கொன்றுவிட்டார் என்று இத்தாலிய ஓவியர்கள் பற்றிய ஒரு கட்டுரையில் படித்தேன். நிஜமா? அந்தக் காலத்துப் புத்தகங்களால் இன்று ஓவியம் கற்பவர்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: கொலை கப்சா. ‘கொலைகாரர்’ கஸ்தாஞோ 1457 ஆகஸ்டில் பிளேக்கில் போய்ச் சேர்ந்தார். ‘கொலையுண்ட’ தொமெனிகோ 1461 வரை இருந்தார். 19ஆம் நூற்றாண்டில் மிலனேசி என்ற ஆய்வாளர் ஃபுளோரன்ஸ் ஆவணங்களைக் கிளறித் தேதிகளை எடுத்துப் போடும்வரை, பாவம், கஸ்தாஞோ மேல் அந்தப் பழி அப்படியே இருந்தது.

வதந்தி முன்பே ஊரில் உலவியதுதான். அதை உலகத்துக்கே கொண்டுசேர்த்தவர் ஓவியரும் எழுத்தாளருமான வசாரி. அவருடைய ஓவியர் வரலாறு 1550இல் வந்தது, விரிவாக்கிய பதிப்பு 1568இல். சாகும் தறுவாயில் கஸ்தாஞோ குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் எழுதிவிட்டார். அதே அத்தியாயத்தில் இன்னொரு கூத்து: ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்கு எதிரான 1478 சதிகாரர்களைக் கஸ்தாஞோ சுவரில் தீட்டினாராம். செத்து 21 வருஷம் ஆனவர்! அவர் தலைகீழாகத் தொங்கவிட்டு வரைந்தது 1440ஆம் ஆண்டின் வேறு துரோகிகளை. ‘தூக்கில் தொங்குபவர்களின் ஆந்திரேயா’ என்ற பட்டப்பெயரும் அதில்தான் ஒட்டிக்கொண்டது. அப்படி ஒரு பெயர் இருந்தால் கொலைக் கதை சுலபமாகப் பொருந்தும்.

திருட அங்கே ரகசியம் ஏதும் இல்லை என்பதுதான் முக்கியம். எண்ணெய் வண்ணத்தை ஃபிளாண்டர்ஸ் ஓவியர் யான் வான் ஐக் கண்டுபிடித்தார் என்பது வசாரியின் கட்சி. ஆனால் 1400ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிய கைவினை நூலிலேயே ஆளிவிதை எண்ணெயைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சும் முறை இருக்கிறது. கோடை வெயிலில் வைத்தே சுண்டவைக்கும் முறையும் இருக்கிறது. ‘ஜெர்மானியர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். இதில் வேடிக்கை, இந்தக் கையெழுத்துப் பிரதி சியென்னாவில் ஒரு பொற்கொல்லரிடம் இருக்கிறது என்று வசாரியே குறிப்பிடுகிறார். ஒழுங்காகப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். அது அச்சேறியதே 1821இல்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வசாரியைக் கதைக்காகப் படியுங்கள், தேதிக்காகப் படிக்காதீர்கள். வாழ்க்கைக் கதைகளுக்கு முன்னால் கட்டடம், சிற்பம், ஓவியம் மூன்றின் செய்முறையையும் நீளமாக எழுதியிருக்கிறார். எல்லாரும் தாண்டிப்போகும் அந்தப் பக்கங்களை விடாதீர்கள். சென்னினியை மட்டும் கையில் முட்டையோடு படிக்க வேண்டும்.

முட்டை டெம்பராவில், அதாவது நிறப்பொடியை மஞ்சள் கருவில் குழைத்துத் தீட்டும் முறையில், பலரும் கோட்டைவிடுவது மஞ்சள் கருவைப் பிரிப்பதில். வெள்ளைக் கருவை வடித்துவிட்டு, மஞ்சளை உடையாமல் ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு மாற்றி மாற்றி உருட்டுங்கள். காலியாகும் கையை ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டும். பிசுபிசுப்பு போனதும் மேல் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அடியில் ஊசியால் குத்தினால் கரு கிண்ணத்தில் இறங்கும், தோல் விரலோடு நின்றுவிடும். தோல் உள்ளே விழுந்தால் வண்ணத்தில் திரிதிரியாகப் புரளும். ஒரு ஸ்பூன் தண்ணீர் சேர்த்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நம் வெயிலுக்கு மறுநாள் நாறும்.

நிறப்பொடியைத் தண்ணீரில் குழைத்து, அந்தக் குழைவுக்குச் சம அளவு கரு. சின்னத் தூரிகை, மெல்லிய கோடுகள், கோட்டின் மேல் கோடு. நொடியில் காய்ந்துவிடும் என்பதால் எண்ணெய் வண்ணம் போல இழைக்கப் பார்த்தால் அடிப்பூச்சு பெயர்ந்து வரும். இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழி முட்டை, கிழவர்களுக்குச் சிவந்த கருவுள்ள கிராமத்து முட்டை என்று சென்னினி பிரிப்பார். நாட்டுக்கோழி முட்டை தேடி அலைய வேண்டாம், கருவின் மஞ்சள் வெளிச்சத்தில் தானே வெளுத்துவிடும்.

பலகையில் வெள்ளை அடிப்பூச்சாகக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் ஜெஸ்ஸோவைப் பூசாதீர்கள். அது போதுமான அளவு உறிஞ்சாது. நகம் பட்டால் வண்ணம் உரியும். சீமைச்சுண்ணாம்புப் பொடியும் தச்சர்கள் பயன்படுத்தும் வஜ்ஜிரமும் போதும். ஒரு பங்கு வஜ்ஜிரத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். கொதித்தால் பசையின் பலம் போய்விடும். அதில் சுண்ணாம்புப் பொடியைக் கலந்து பலகையில் பூசுங்கள்; மெல்லிசாக எட்டுப் பூச்சு என்பது சென்னினி கணக்கு. மேல் பூச்சில் பசை கூடினால் வெடிக்கும், எல்லாவற்றிலும் குறைந்தால் மாவாக உதிரும்.

அவர் சொல்லும் ஈய வெள்ளை, பாதரசச் சிவப்பு, ஆர்சனிக் மஞ்சள் மூன்றும் விஷம். கிட்டேயே போக வேண்டாம். வெள்ளைக்கு டைட்டானியம் இருக்கிறது. எந்தப் பொடியானாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு குழையுங்கள்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு கண்ணாடித் துண்டில் கொஞ்சம் தடவிக் காயவிட்டு பிளேடால் சுரண்டுங்கள். சுருளாக, தோல் மாதிரி வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. காய்ந்த பிறகும் பளபளத்து விரலில் ஒட்டினால் கரு அதிகம், பொடி சேருங்கள்.