அட்டையில் அச்சாகாத பாதி வசனம் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். எனக்குக் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கிராமம். இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு, முக்கால்வாசி பெங்களூரா ரகம். புது வருட ஆராதனையில் ஆளுக்கொரு பைபிள் வசனம் அச்சடித்துக் கொடுப்பார்களே, எனக்கு வந்த அந்த வாக்குத்தத்த அட்டையில் ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்று இருந்தது. பங்குனியில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். விசுவாசத்தோடு விதைக்கிறவனுக்கு நூறு மடங்கு என்றார் பிரசங்கியார். மனைவியின் செயினை அடகு வைத்து 20,000 ரூபாய் காணிக்கை கொடுத்தேன். காய் நன்றாகத்தான் பிடித்தது, விலைதான் இல்லை. பறிகூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் நிற்கவில்லை. கடைசி இரண்டு லோடு காயை மரத்திலேயே விட்டுவிட்டோம், ஊர்ப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவரிடம் போய்க் கேட்டதற்கு, உன் கீழ்ப்படிதலில் எங்கோ ஓட்டை இருக்கிறது, ஆராய்ந்து பார் என்றார். ஆறு மாதமாக ஆராய்கிறேன். மனைவி செயினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்பது பொய்யா? இந்த வருடமும் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் விலை. பெங்களூரா பெரும்பாலும் மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன வருடத்துக் கூழ் ஆலையில் தேங்கிக் கிடந்து, சித்தூர்ப் பக்கமும் அதே நேரத்தில் காய் இறங்கினால் விலை விழும். ஜெபிக்கிறவன் தோப்புக்கும் ஜெபிக்காதவன் தோப்புக்கும் அன்றைக்கு மண்டியில் ஒரே விலைதான். எங்கள் பாலக்கோடு பக்கம் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிறார்களே, அத்தனை பேரின் கீழ்ப்படிதலிலும் ஓட்டை என்றா சொல்வது?

அட்டைக்கு வருகிறேன். அது பைபிளில் உபாகமம் என்கிற புத்தகத்தில் 28:13. அட்டையில் பாதிதான் அச்சடிப்பார்கள். கட்டளைகளுக்குச் செவிகொடுத்து நடந்தால் என்கிற பாதி வராது, அட்டையில் இடம் பத்தாது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிரசங்கியார் அந்த விட்டுப்போன பாதியைத்தான் ‘ஓட்டை’ என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார். சரி, செவிகொடுத்துத்தான் பார்ப்போம், அந்தக் கட்டளைகள் என்னென்ன? 28-ஆம் அதிகாரத்தை மட்டும் படித்தால் தெரியாது, அதில் முதல் 14 வசனம் ஆசீர்வாதம், மீதி 54 வசனம் சாபம், அவ்வளவுதான். நாலு அதிகாரம் முன்னால் போங்கள். ஏழையின் போர்வையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, மாவு அரைக்கிற திரிகைக் கல்லை அடகு வாங்காதே, விதவையின் துணியை அடகு வாங்காதே, கூலிக்காரனுக்கு அன்றன்றைக்கே சூரியன் இறங்குமுன் கூலியைக் கொடு, ஒலிவ மரத்தை உதிர்த்த பிறகு கிளை கிளையாகத் திரும்பத் தேடாதே, மீந்தது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும். ஒரே அதிகாரத்தில் அடகைப் பற்றி எத்தனை தடவை பேசியிருக்கிறது பாருங்கள்! இந்தப் புத்தகத்திலிருந்து வசனம் எடுத்து மாட்டின வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் செயின் அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். உங்கள் மேல் இல்லை.

தசமபாகத்தையும், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுப்பதையும், அதே புத்தகத்தில் 14-ஆம் அதிகாரத்தில் பாருங்கள். கொண்டுபோனவனே வீட்டாரோடு உட்கார்ந்து கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்கிறது. மூன்றாம் வருடத்துப் பங்கு லேவியனுக்கும் ஊருக்குள் இருக்கிற அநாதைக்கும் விதவைக்கும். இதை மேடையில் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. இன்னொன்று, காணிக்கை பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்கிறார் (2 கொரி. 8:12). கடன் வாங்கிக் கொடுத்தது இல்லாததின்படி கொடுத்தது. அதை யாரும் உங்களிடம் கேட்டிருக்கவே கூடாது.

அப்புறம், கீழ்ப்படிதல் பொய்யா என்ற கேள்வி. எங்கள் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே கிணறு, நாள் விட்டு நாள் முறைத் தண்ணீர். ஒரு கோடையில் மோட்டாருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், அந்தக் ‘காயில்’ எரிந்துபோய், அதைக் கட்டின செலவு யாருடையது என்பதில் வந்த சண்டை நாலு வருடம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தேயு ஐந்தாம் அதிகாரம் வாசித்தார்கள், காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி. காணிக்கைப் பை எங்கள் வரிசைக்கு வந்தபோது அப்பா கையிலிருந்த பத்து ரூபாய் நோட்டைச் சட்டைப் பையில் திரும்பச் சொருகிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். வயிற்று வலி என்று நினைத்தோம். நேராக சித்தப்பா வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்று, ‘காயில் காசுல பாதி என்னுது’ என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா பால் கறந்துகொண்டிருந்தவர், கறந்து முடிக்கிறவரை திரும்பிப் பார்க்கவில்லையாம். அப்பாவும் நகரவில்லை.

அந்த வருடம் மழை இல்லை. கிணறு வற்றியது. இரண்டு பேரும் சேர்ந்து இறங்கித் தூர் வாரினார்கள், தண்ணீர் வரவில்லை. சபையில் சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்து சொல்ல இதில் ஒன்றும் கிடையாது, அப்பாவும் சொன்னதில்லை. ஆனால் கீழ்ப்படிதல் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பத்து ரூபாய் நோட்டுதான் ஞாபகம் வரும். நம் பாஷையில் ‘கேள்’ என்றால் காதால் கேட்பதும்தான், சொன்ன பேச்சைக் கேட்டு நடப்பதும்தான், எனக்கு வேண்டும் என்று கேட்பதும்தான். நீங்களும் நானும் மூன்றாவதை மட்டும் நன்றாகப் பழகிவிட்டோம். எபிரெயர் 11-ஐ முழுக்கப் படித்தால், விசுவாசத்தினால் சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் அதே விசுவாசத்தினால் வாளால் அறுப்புண்டவர்களும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். யாருக்கு ஓட்டை என்று அங்கே யாரும் தேடவில்லை.

ஆறு மாதம் ஆராய்ந்தது போதும். மரத்தில் விட்ட இரண்டு லோடு காயை ஊர்ப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், விரட்டினதாக எழுதவில்லை. உபாகமம் 24:20-ஐ ஒருமுறை எடுத்துப் படியுங்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

கூட்டத்துக்குப் போவது உங்கள் இஷ்டம், பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி மனைவியிடம் உட்கார்ந்து, உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அவர் பால் கறந்து முடிக்கிறவரை நிற்க வேண்டி வரலாம். அடுத்து வருகிற காசில் முதல் செலவு அடகுக் கடை. செயின் வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்