தாலாட்டின் மூலத்தை எங்கே போய்த் தேடுவது?

கேள்வி: என் பாட்டி பாடிய தாலாட்டில் ‘இஞ்சிக்குப் பாஞ்சு எலுமிச்சைக்கு வேரோடி’ என்று ஓர் அடி மட்டும் நினைவிருக்கிறது. முழுப் பாட்டு எங்கே கிடைக்கும்? முதலில் எழுதியது யார்?

எழுதியவரைத் தேடாதீர்கள். நான் அப்படித் தேடி இரண்டு வருஷத்தை வீணாக்கியவன்.

நீங்கள் சொல்லும் அடியை எங்க அப்பத்தாவும் பாடும். சிவகங்கைப் பக்கம். கைக்குழந்தை அழுகையை நிறுத்தாதபோது இப்படிப் போகும்:

நீ அழுத கண்ணீரு
ஆறாப் பெருகி ஆனை குளிச்சேற
குளமாப் பெருகி குதிரை குளிச்சேற
வாய்க்காலா ஓடி வழிப்போக்கர் கால்கழுவ
இஞ்சிக்குப் பாஞ்சு எலுமிச்சைக்கு வேரோடி...

இது தாலாட்டுக்கே சொந்தம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நடவு வயலில் ஆக்காட்டிப் பாட்டு கேட்டேன். ஆக்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடும் பறவை. குஞ்சுகளுக்கு இரை தேடப் போன தாய் கண்ணியில் மாட்டிக்கொண்டு அழுவதுதான் பாட்டு. அதில் அந்தப் பறவை விடும் கண்ணீரும் ஆறாப் பெருகி ஆனையைக் குளிப்பாட்டுகிறது, குளமாப் பெருகிக் குதிரையைக் குளிப்பாட்டுகிறது! தொட்டிலில் பிள்ளை அழுத கண்ணீர் கண்ணியில் தாயின் கண்ணீராகிவிட்டது. இரண்டில் எது முதல் என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டு பாட்டுமே ஊர்ப்பொதுவில் கிடந்த ஒரே அடியை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அந்த அடி எப்படி இத்தனை ஊர் தாண்டியும் கலையாமல் நிற்கிறது? மோனைதான். ஆறு–ஆனை, குளம்–குதிரை, வாய்க்கால்–வழிப்போக்கர். இஞ்சிக்கும் எலுமிச்சைக்கும் எழுத்து வேறாயிற்றே என்பீர்கள். யாப்பிலக்கணப்படி இ, ஈ, எ, ஏ நான்கும் ஒன்றுக்கொன்று மோனையாக வரும். எழுதப் படிக்கத் தெரியாத எங்க அப்பத்தா இந்த விதியை ஒரு தடவைகூட மீறியதில்லை. ‘ஆரடிச்சு நீ அழுதாய்’ என்ற தாலாட்டையும் பாருங்கள். மாமன் வந்தால் மல்லிகைப்பூச் செண்டால்தான் அடிப்பான். அத்தைக்கு ஓர் ஊரில் அரளி, இன்னோர் ஊரில் அல்லி. பாடுகிறவள் முழுப் பாட்டையும் மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. உறவுமுறையைச் சொன்னதும் அதே எழுத்தில் பூ வந்து விழுகிறது. ஆகவே இரண்டு பாடம் கிடைத்தால் எது சரி, எது பிழை என்று சண்டை போட வேண்டாம், இரண்டுமே சரி.

காலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்றால், சில சமயம் முடியும். பாட்டுக்குள் வரும் பொருள்தான் துப்பு. இலங்கை மலையகத்தில் நம் ஆட்கள் பாடியது ஒன்று உண்டு:

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

தேயிலை அல்ல, கோப்பி. அங்கே பெருந்தோட்டக் காப்பிப் பயிர் 1830-களில் வேகம் பிடித்தது. 1869-ல் இலைநோய் கண்டு, 1880-களில் தோட்டங்கள் தேயிலைக்கு மாறிவிட்டன. கோப்பிக் கன்று நட்டு அண்ணனைப் பறிகொடுத்தவளின் பேச்சு இது, ஆகவே இந்த ஐம்பது வருஷத்துக்குள் பிறந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. இவ்வளவு நெருக்கமாகக் காலம் சொல்ல முடிவது அபூர்வம். உங்கள் இஞ்சிக்கும் எலுமிச்சைக்கும் அந்த வசதி இல்லை.

அச்சில் பார்க்க வேண்டுமென்றால், மு. அருணாசலம் 1943-ல் வெளியிட்ட ‘காற்றிலே மிதந்த கவிதை’, பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டி வைத்ததைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ (1964) இந்த மூன்றிலும் தாலாட்டுப் பகுதியைப் புரட்டுங்கள். 1871-ல் சார்லஸ் கோவர் அச்சிட்ட தொகுப்பு புகழ்பெற்றதுதான். ஆனால் அது ஆங்கில மொழிபெயர்ப்பு, உங்களுக்கு உதவாது. எந்தத் தொகுப்பிலும் ‘இதுதான் முழுப் பாட்டு’ என்று நம்பிவிடாதீர்கள். அன்றைக்கு ஒருத்தி பாடியது, ஒருவர் எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். பேச்சு வழக்கைத் திருத்தி அச்சேற்றிய பதிப்புகளும் உண்டு. ‘பாஞ்சு’ என்பதைப் ‘பாய்ந்து’ என்று ஆக்கினால் பொருள் கெடாது. தொட்டில் ஆடுகிற தாளம் கெடும்.

புத்தகத்துக்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் போவது நல்லது. நான் முதலில் செய்த தப்பு, போனை நீட்டி, “அப்பத்தா, அந்தப் பாட்டைச் சொல்லு” என்றது. நாலு அடியிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் தங்கச்சி பிள்ளையை மடியில் போட்டதும் கால் மணி நேரம் நிற்காமல் வந்தது. பாட்டு வாயில் இருப்பதாக நாம் நினைக்கிறோம், அது கையாட்டத்திலும் இருக்கிறது போல. நடவுப் பாட்டையும் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டால் பாதிதான் வரும். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லாதீர்கள். இழவு விழாத வீட்டில் ஒப்பாரி ஆகாது என்று அப்பத்தா என்னைத் திட்டியே வெளியே அனுப்பியது. அப்புறம் கொல்லையில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய்த்தான் நாலு வரி சொன்னது.

எங்க அப்பத்தா எலுமிச்சையோடு நிறுத்திவிடும். வேறு ஊரில் வாக்கப்பட்ட அதன் தங்கச்சியோ, “மஞ்சளுக்குப் பாஞ்சு மருதாணிக்கு வேரோடி” என்று மேலே இழுக்கும். “அவளுக்கு என்னடா தெரியும்” என்று ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி சொல்வார்கள். உங்கள் பாட்டி எலுமிச்சைக்கு அடுத்து எதற்குத் தண்ணீர் பாய்ச்சினார்? நினைவு வந்தால் எழுதுங்கள், என் நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.