இரண்டு தாளாக இழுக்கும் ஸ்கேனர்: கேள்வி – பதில்

தாளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளும் 'ஷீட்-ஃபெட்' ஸ்கேனர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள்.

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் தினமும் 300, 400 தாள் ஸ்கேன் செய்கிறோம். ஆல்-இன்-ஒன் பிரின்டரிலேயே ஃபீடர் இருக்கிறது. தனி ஸ்கேனர் தேவையா? (ஈரோடு வாசகர்)

பதில்: ஒரு நாளைக்கு 20 தாள் என்றால் பிரின்டரே போதும். 400 தாளுக்குத் தனி ஸ்கேனர்தான் சரி. பெரும்பாலான பிரின்டர் ஃபீடர்களில் தாள் 'ப' வடிவில் வளைந்து போகும். இரண்டு பக்கமும் வேண்டுமென்றால், பல மாடல்களில் ஒரு பக்கம் முடிந்ததும் தாளைத் திரும்ப இழுத்து, புரட்டி, மறுபடி அனுப்பும். ஒரே தாள் ரோலருக்குள் இரண்டு மூன்று முறை போய்வருகிறது. சிக்குவதும் கசங்குவதும் அங்கேதான். தனி ஸ்கேனரில் தாளின் இரு புறமும் சென்சார் உண்டு. ஒரே ஓட்டத்தில் இரண்டு பக்கமும் முடிந்துவிடும்.

பெட்டியில் '40 பிபிஎம், 80 ஐபிஎம்' என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம். முதலாவது நிமிடத்துக்கு எத்தனை தாள், அடுத்தது எத்தனை பக்கம். இரண்டும் ஒரே வேகம்தான். அதுவும் 200 அல்லது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கணக்கு. 600 வைத்தால் வேகம் நன்றாகவே குறையும்.

டிபிஐ எண்ணைப் பார்த்து ஸ்கேனர் வாங்குவது, டயரைப் பார்க்காமல் ஹாரனைப் பார்த்து வண்டி வாங்குவது மாதிரி. இன்றைய எந்த ஸ்கேனரும் எழுத்தைத் தெளிவாகப் பிடிக்கும். தாளை ஒழுங்காக இழுப்பதில்தான் வித்தியாசம். எனவே கடையில் ரோலர் செட் நம் ஊரில் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். இந்த ரகத்தில் பரவலாகப் பேசப்படும் ஸ்கேன்ஸ்னாப் ஐஎக்ஸ்1600 மாடலுக்கு 2 லட்சம் தாள் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது ரோலரை மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் 400 தாள் கணக்கில் 2 லட்சம் ஆக 500 வேலை நாள். அதாவது ஓராண்டு முதலில் வந்துவிடும்.

'ட்வைன்' டிரைவர் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலக மென்பொருளுக்குள்ளிருந்தே ஸ்கேன் எடுக்க அதுதான் பொதுவான வழி. வீட்டு உபயோக மாடல்கள் சில, தங்களுடைய சொந்த ஆப் தவிர வேறெதிலும் வேலை செய்யாது.

கேள்வி: அடிக்கடி இரண்டு தாள் ஒன்றாகப் போய்விடுகிறது. சில நேரம் ஒரே தாள்தான் போகிறது, ஆனாலும் 'டபுள் ஃபீட்' என்று நின்றுவிடுகிறது. ஏன்? (மதுரை வாசகர்)

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

முதலில், கட்டுப் பிரித்த புது ஏ4 தாள் 20 எடுத்து விட்டுப் பாருங்கள். அதுவும் இரண்டிரண்டாகப் போனால் ரோலர்தான் காரணம். பிக் ரோலர் ஒரு தாளை உள்ளே இழுக்கும். எதிரே உள்ள பிரேக் ரோலர் மற்ற தாள்களைப் பிடித்து நிறுத்தும். காகிதத் தூள் படியப் படிய ரப்பர் வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கிறது. மின் இணைப்பை எடுத்துவிட்டு, நூல் பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சமாகத் தொட்டு, ரோலரை விரலால் உருட்டி முழுச் சுற்றும் துடையுங்கள். தின்னர், பெட்ரோல் பக்கம் போகவே கூடாது, ரப்பர் உப்பிப்போகும். துடைத்த பிறகும் வழுக்கினால் இரண்டு ரோலரையும் சேர்த்தே மாற்றுங்கள். மாற்றியதும் மென்பொருளில் தாள் எண்ணும் கவுன்டரைப் பூஜ்யமாக்கவும். இல்லாவிட்டால் புது ரோலரையும் மாற்றச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

புதுத் தாள் சரியாகப் போனால் குறை உங்கள் தாள்களில். ஸ்டேப்ளர் பின் எடுத்த ஓட்டையின் பிசிறு அடுத்த தாளைக் கொக்கி போட்டு இழுக்கும். பின் இருந்த முனை முதலில் நுழையாமல் கடைசியில் வரும்படி கட்டைத் திருப்பி வையுங்கள். பக்கத்தை நிமிர்த்துவதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம், அப்போதுதான் ஜெராக்ஸ் எடுத்த தாளில் நிலைமின்சாரம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: தாள் கட்டை இரு கையால் பிடித்து வளைத்து, விசிறி போல விரித்து, நான்கு பக்கமும் மேசையில் தட்டுங்கள். தாள் வைக்கும் தட்டு 50 தாள் கொள்ளும் என்றாலும் பழைய தாள் என்றால் 30 போதும். சின்ன பில்லையும் ஏ4 தாளையும் கலந்து வைக்காதீர்கள். தட்டின் இருபுறமும் உள்ள வழிகாட்டிக் கட்டை பெரிய தாளைத்தான் பிடிக்கும், சின்னது கோணலாகப் போகும்.

அடுத்தது, ஒரே தாளுக்கு நிற்பது. தாள் வழியே மீயொலியை (காதுக்குக் கேட்காத ஒலி) செலுத்தி, மறுபுறம் எவ்வளவு வருகிறது என்று சென்சார் பார்க்கிறது. இரண்டு தாளுக்கு நடுவே காற்று இருந்தால் ஒலி மிகவும் குறையும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வவுச்சர், போட்டோ ஒட்டிய விண்ணப்பம் ஆகியவற்றிலும் அப்படியே குறைவதால் இயந்திரம் ஏமாறுகிறது. அந்தத் தாள்களுக்கு மட்டும் சென்சாரை அணைத்து, முடிந்ததும் பக்கங்களை எண்ணிச் சரிபாருங்கள். நிரந்தரமாக அணைத்துவிட்டால் விடுபட்ட பக்கம் என்றைக்கோ ஒருநாள்தான் தெரியவரும்.

கேள்வி: எல்லாப் பக்கத்திலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுகிறது. (திருச்சி வாசகர்)

பதில்: சென்சார் கண்ணாடியில் அழுக்கு. தாள் நகர்கிறது, கண்ணாடி நகர்வதில்லை. அதனால் ஒரு புள்ளி அழுக்கே முழு நீளக் கோடாகிவிடும். காயாத ஒயிட்னர், பசை, ஸ்கெட்ச் பேனா மைதான் வழக்கமான காரணங்கள். மேலும் கீழும் இரண்டு கண்ணாடி உண்டு, இரண்டையும் துடையுங்கள். ஒட்டியிருப்பதை பிளேடால் சுரண்டாதீர்கள். துடைத்த பிறகும் அதே இடத்தில் கோடு நின்றால் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கும், பெரும்பாலும் எடுக்க மறந்த ஸ்டேப்ளர் பின் உரசியதால்.

கேள்வி: வீட்டுப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைக்க விரும்புகிறேன். என்ன செட்டிங் வைப்பது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கலர், 300 டிபிஐ, இரண்டு பக்கமும். தாள் அளவை 'லீகல்' என்று வையுங்கள். முத்திரைத்தாள் ஏ4 தாளைவிட நீளம், ஏ4 செட்டிங்கில் அடிவரிகள் வெட்டுப்படும்.

'வெற்றுப் பக்கம் நீக்கு' வசதியைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். பத்திரத்தின் பின்பக்கத்தில் முத்திரைத்தாள் விற்பனையாளர் முத்திரை, பதிவு விவரம், சார்பதிவாளர் கையொப்பம் எல்லாம் இருக்கும். மை மங்கியிருந்தால் மென்பொருள் அதை வெற்றுப் பக்கம் என்று தூக்கி எறிந்துவிடும். கருப்பு-வெள்ளையிலும் 'பின்னணி நீக்கு' வசதியிலும் இதே ஆபத்து. ஊதா முத்திரை காணாமல் போகும்.

மடிப்பில் கிழிந்த மூலப்பத்திரத்தை அப்படியே ஃபீடரில் விடவே வேண்டாம். ஒளி ஊடுருவும் கேரியர் ஷீட்டுக்குள் வைத்து ஒவ்வொன்றாக அனுப்பலாம்; இல்லையென்றால் கண்ணாடி மேல் வைக்கும் ஃபிளாட்பெட் ஸ்கேனர். நூல் கோத்த பத்திரத்துக்கும் அதுதான். ஸ்கேனருக்காக நூலைப் பிரிக்காதீர்கள். வங்கிக் கடனுக்கு அசல்தான் கேட்பார்கள்.

கேள்வி: பத்துப் பக்க பிடிஎஃப் கோப்பு பெரிதாகி, இணையதளத்தில் ஏற்ற முடியவில்லை. (சேலம் வாசகர்)

பதில்: 600 டிபிஐ வைத்திருப்பீர்கள். ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐ கலரில் சுருக்காமல் சுமார் 26 எம்பி. 600 என்றால் அதைப்போல நான்கு மடங்கு. எழுத்துக்கு 300 தாராளம், ஏற்றி அனுப்ப மட்டும் என்றால் 200 போதும். சேமிப்புக்கு ஒன்று, அனுப்ப ஒன்று என இரண்டு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

'மிகக் குறைந்த அளவு' என்ற சுருக்கத்தை மட்டும் கணக்குத் தாள்களுக்கு வைக்காதீர்கள். 2013-ல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மன் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6 என்ற எண்ணை 8 ஆக மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் போட்டு நிரப்பும் சுருக்க முறைதான் காரணம். மங்கலான எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வரும், தெளிவாக இருக்கும் தப்பான எண்ணைப் பார்த்தால் வருமா?

கேள்வி: தமிழ் ஆவணத்துக்குள் சொல் தேட முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: முடியும். நாப்ஸ்2 என்ற இலவச மென்பொருளில் ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் வசதி) பகுதிக்குப் போய்த் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இறக்கித் தேர்ந்தெடுங்கள். அச்சு எழுத்தை நன்றாகவே படிக்கும். கையெழுத்துப் பத்திரத்தில் எதிர்பார்க்காதீர்கள். சர்வே எண்ணை மட்டும் படத்தைப் பார்த்து, கோப்பின் பெயரிலேயே கையால் எழுதிவிடுங்கள்.