இரண்டு பாஸ்போர்ட்டில் எதைக் காட்டுவது?

கேள்வி: எனக்கு இரண்டு நாட்டுக் குடியுரிமை. வசிப்பதும் வேலை பார்ப்பதும் மூன்றாவது ஒரு நாட்டில். அந்த நாட்டின் வசிப்பு அனுமதி என் பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் அப்பா பெயர். திருமணத்துக்குப் பிறகு வாங்கிய இன்னொன்றில் கணவர் பெயர். இந்த விடுமுறையில் குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றிப் பார்க்கப் போகிறோம். அடுத்த ஆண்டு அமெரிக்கா போகவும் ஆசை. டூரிஸ்ட் விசாவுக்கு எந்த பாஸ்போர்ட்டைக் கொடுப்பது? “இன்னொன்று இருப்பதாக மூச்சு விடாதே, வீண் சிக்கல்” என்கிறாள் தோழி.

பதில்: அன்புச் சகோதரிக்கு, தோழி உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

இரண்டு குடியுரிமை வைத்திருப்பது குற்றமில்லை, அந்த இரு நாடுகளும் அதை அனுமதிக்கும் வரை. கேட்ட இடத்தில் மறைப்பதுதான் குற்றம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் படிவத்தில் ‘வேறு குடியுரிமைகள்’ என்று தனிக் கட்டமே உண்டு. அமெரிக்காவின் டிஎஸ்-160 விசாப் படிவமும் இதையே கேட்கிறது. விண்ணப்பத்தில் பொய் சொல்லிப் பிடிபட்டால் கனடா 5 ஆண்டு, பிரிட்டன் 10 ஆண்டு கதவைச் சாத்திவிடும். அமெரிக்காவிலோ தனியாக விலக்கு வாங்காதவரை ஆயுளுக்கும் தடைதான். பெயர் இரண்டாக இருக்கலாம், கைரேகை ஒன்றுதானே? ஷெங்கன் நாடுகள் ஒருமுறை எடுத்த ரேகையை 59 மாதம் வரை அடுத்த விண்ணப்பங்களுக்கும் பயன்படுத்துகின்றன.

இனி ஐரோப்பா. உங்களுக்கு விசா தேவையா என்பதை முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று ஷெங்கனின் விசா விலக்குப் பட்டியலில் உள்ள நாட்டின் பாஸ்போர்ட் என்றால் விசா விண்ணப்பமே வேண்டாம். அதைக் காட்டி எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். இதைப் பார்க்காமல், வசிப்பு அனுமதி ஒட்டிய பாஸ்போர்ட்டை வைத்து விசாவுக்கு அலைந்து பணத்தையும் நாட்களையும் விட்டவர்கள் உண்டு.

ஆனால் அப்போது இரண்டையும் கையில் கொண்டுபோக வேண்டும். செக்-இன் கவுண்டரில் இருப்பவருக்கு ஒரே கவலை: போய் இறங்கும் நாட்டில் உங்களை உள்ளே விடுவார்களா? உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிப் போனால் அபராதமும் திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். அங்கே விசா விலக்குள்ள பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். டிக்கெட்டும் அதில் உள்ள பெயரிலேயே, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். அடுத்து இமிகிரேஷன். அவர்கள் பார்ப்பது, நீங்கள் வசிக்கும் நாட்டில் எந்த அனுமதியில் இருந்தீர்கள் என்பதை. அங்கே வசிப்பு அனுமதி உள்ளதை நீட்டுங்கள். திரும்பும்போது ஷெங்கனை விட்டு வெளியேற, நுழைந்தபோது காட்டிய பாஸ்போர்ட்; வீட்டுக்கு வந்து இறங்கியதும் மற்றது. இரண்டு பெயருக்கும் பாலமாகத் திருமணச் சான்றிதழின் நகல் கைப்பையிலேயே இருக்கட்டும், பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டுக்குமே விசா வேண்டும் என்றால் குழப்பமே இல்லை: வசிப்பு அனுமதி உள்ள பாஸ்போர்ட்டில் விண்ணப்பியுங்கள். சொந்த நாட்டுக்குப் பறந்துபோய் மனுப் போட வேண்டியதில்லை. ஷெங்கன் விசாவுக்கு, நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டிலுள்ள தூதரகம்தான் உரிய இடம். 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி எல்லை பயணத்துக்கு 15 நாள் முன்பு. அந்த எல்லை வரை காத்திருக்காதீர்கள். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வாங்கியதாகவும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். வேலை பார்க்கும் இடத்திலிருந்து வாங்கும் விடுப்புக் கடிதத்தில் எந்தப் பெயர் வருகிறது என்பதையும் பாருங்கள். விண்ணப்பத்தில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் இன்னொரு பெயர் என்றால் அதிகாரிக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். கேட்கும்வரை காத்திருக்காமல் நான்கு வரி விளக்கக் கடிதம் ஒன்றை நீங்களே வைத்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்கும் இதே முறைதான்; ஒரு பாஸ்போர்ட்டாவது விசா விலக்குத் திட்டத்தில் இருந்தால் எஸ்டா எனும் ஆன்லைன் பயண அனுமதி போதும். ஒரு விதிவிலக்கு: ஈரான், இராக், சிரியா, சூடான் போன்ற சில நாடுகளில் ஒன்றின் குடியுரிமையும் உள்ளவர்களுக்கு 2015-இல் வந்த சட்டப்படி எஸ்டா கிடையாது, நேர்காணலோடு கூடிய விசாதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்ற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. படிவத்தில் தற்போதைய குடியுரிமை என்று கேட்கும் இடத்தில் ‘இந்தியா’ என்று எழுதாதீர்கள். முன்பு இருந்ததா என்று கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

குடும்பத்தோடு என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று சொல்லவில்லையே? அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளை என்றால், தூதரகப் பணியாளரின் குழந்தை போன்ற ஒருசிலரைத் தவிர, அது அமெரிக்கக் குடிமகன்தான். அதற்கு டூரிஸ்ட் விசா தர மாட்டார்கள். அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் நுழைய வேண்டும். அப்படியானால் அந்த பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள்.